சிவப்புத் தொட்டியும் சித்தியின் மூக்கும்

"இது பிளாஸ்டிக்குதானே? வழவழன்னு இருக்கே. இது மேல நிக்கல் எப்படிடீ ஒட்டிக்கிட்டு நிக்குது?"

சித்தி கேட்ட இந்தக் கேள்விக்கு அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு, அடுத்து என்ன என்று புரியாமல், வீட்டுக்குள் குட்டி போட்ட பூனை மாதிரி சுற்றிக்கொண்டிருந்த காலம் அது. வேதியியலில் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்ததால் என்னிடம் கேட்டாள். அவள் கையில் ஒரு குழாயின் திருகு இருந்தது. முகம் பார்க்கலாம் போல் மின்னியது. தூக்கிப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். உள்ளே முழுக்கப் பிளாஸ்டிக், மேலே தலைமுடியைவிட மெல்லிய உலோகத் தோல்.

"ஏதாவது பசை போட்டிருப்பாங்க," என்றேன்.

"பசையாவது கிசையாவது. நான்தானே தினமும் முக்கி எடுக்கறேன்? எந்தத் தொட்டியிலயும் பசை கிடையாது. இதான் நீ படிச்ச லட்சணமா?"

இருவரும் சிரித்தோம். அதோடு விட்டுவிட்டோம். பின்னால் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்தது. கிடைத்த அன்றே எங்கள் வீட்டுக்குள் பயமும் வந்து உட்கார்ந்துகொண்டது. அது இன்னும் முழுதாக எழுந்து போகவில்லை.

சித்தி என் அம்மாவின் தங்கை. கல்யாணமாகிக் கொஞ்ச காலத்திலேயே எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டவள். யாராவது துருவிக் கேட்டால், "நானும் அவரும் ஒட்டல. டேப்பு போட்டு இழுத்தேன், உரிஞ்சு வந்துட்டார்," என்பாள். கேட்டவர்களுக்குப் புரியாது. எங்களுக்குப் புரியும். அவள் வேலை அப்படி.

பிளாஸ்டிக் பொருள்களுக்கு உலோக முலாம் பூசும் தொழிற்சாலையில் அவள் வேலை பார்த்தாள். அங்கே அவளுக்குப் பெயர் 'டேப் அக்கா'. ஒவ்வொரு முறையும் பொருள்கள் முலாம் பூசி வெளியே வந்ததும் அவற்றில் ஒன்றை எடுத்துக்கொள்வாள். பிளேடால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிச் சின்னச் சின்னக் கட்டமாக்குவாள். மேலே டேப்பை ஒட்டி, நகத்தால் தேய்த்து, வெடுக்கென்று இழுப்பாள். டேப்பில் ஒரு துணுக்கு உலோகம்கூட ஒட்டி வரக்கூடாது. வந்தால் அந்தச் சரக்கு முழுவதும் வீண். உரிந்த உலோகத்தின் விளிம்பு பிளேடு மாதிரி கையை அறுக்கும் என்று விரலில் பழைய தழும்பைக் காட்டுவாள். அவள் முக்கி எடுத்த சரக்கு மட்டும் உரிவதே இல்லை. அதில் அவளுக்குத் தலைகொள்ளாத பெருமை.

ஒருநாள் சித்தி மூக்குக்கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள். கொடுக்கப் போன என்னை வாசலில் நின்ற காவலாளி உள்ளே விட்டார். நான் அந்தக் கூடத்தைப் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

நீளமான கூடம். வரிசையாகத் தொட்டிகள். மேலே ஓடும் சங்கிலிக் கொக்கியில் பொருள்களை மாட்டிய சட்டங்கள் துணி காயப்போட்டது போல் தொங்கின. அவை ஒவ்வொரு தொட்டியிலும் மூழ்கி எழுந்து நகர்ந்தன. வரிசையின் ஆரம்பத்தில் இருந்தது சித்தியின் தொட்டி. அதிலிருந்த திரவம் கருஞ்சிவப்பு. சூடாக, மெல்லக் கொதிப்பதுபோல் அசைந்தது. அதன் மேல் லேசான மஞ்சள் பனி. நான் நெருங்கியதும் தொண்டையில் ஏதோ கீறியது. நாக்கில் செம்புக் காசை வைத்தது போல் ருசி.

"அங்கயே நில்லு! கிட்ட வராதே!" என்று சித்தி கத்தினாள். அவளுடைய முகக்கவசம் வியர்வையில் நனைந்து, மூக்குக்குக் கீழே இறங்கிக் கிடந்தது.

தொட்டியின் விளிம்போரமாக ஒரு நீண்ட பிளவு. ஆவியை உறிஞ்சி வெளியே தள்ளும் எக்ஸாஸ்ட் குழாய் அங்கிருந்து கிளம்பியது. குழாயில் ஒரு கைப்பிடி. அதைத் திருப்பினால் உள்ளேயிருக்கும் தகடு மூடும், விட்டால் தானாகத் திறந்துகொள்ளும். அந்தக் கைப்பிடி பாதி மூடிய நிலையிலேயே நிற்கும்படி ஒரு மரத்துண்டைச் செருகியிருந்தார்கள். கை பட்டுப் பட்டு அந்த மரம் வழவழப்பாகியிருந்தது.

"இது என்ன சித்தி?"

"ஆப்பு. எக்ஸாஸ்ட் முழுசா இழுத்தா காத்து வேகமா வீசும். சட்டம் தொட்டியிலேந்து மேல வந்து, அடுத்த தொட்டியில கழுவறதுக்குள்ள அமிலம் அதுமேலயே காஞ்சு போயிடும். காஞ்ச இடத்துல உலோகம் நிக்காது, கொப்புளம் கொப்புளமா உரியும். பாதி மூடி வெச்சா எல்லாம் ஈரமாவே போகும். அதான் என் சரக்கு உரியறதில்ல. தொழில் ரகசியம், வெளில சொல்லிடாதே."

பக்கத்தில் நின்ற பெண் சிரித்தாள். அவளை எல்லாரும் 'புதுசு' என்று கூப்பிட்டார்கள். அவள் சேர்ந்து வெகுநாளாகியும் அந்தப் பெயர் போகவில்லை. சித்தி இல்லாத ஷிப்டில் அதே தொட்டியில் நிற்பவள். சித்திதான் அவளுக்கு எல்லாம் கற்றுக்கொடுத்தாள். அந்த ஆப்பு வைப்பதையும் சேர்த்து.

அப்போது சூப்பர்வைசர் வந்தார். பளபளக்கும் வழுக்கை. தொழிலாளர்கள் அவரைப் 'பளபளா' என்பார்கள். "இந்தக் கம்பெனியோட மொத சாம்பிளே அவர் மண்டைதான்" என்று சித்தி என் காதில் கிசுகிசுத்தாள். அவர் ஆப்பைப் பார்த்தார். பார்த்தும் பாராததுபோல், "அக்கா பொண்ணா? உங்க சித்தி மாதிரி கைராசி யாருக்கும் வராதும்மா," என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு அன்று எதுவும் தோன்றவில்லை. மரத்துண்டு ஒன்று குழாயில் செருகியிருக்கிறது, அவ்வளவுதான்.

நானும் சித்தியும் ஒரே அறையில்தான் படுப்போம். வேலை முடிந்து வந்து மத்தியானத்தில் அவள் கண்ணயரும்போதுதான் முதலில் அந்தச் சத்தம் கேட்டது. மெல்லிய விசில். தெருவில் யாரோ யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று ஜன்னலை எட்டிப் பார்த்தேன். தெருவில் யாருமில்லை. சத்தம் சித்தியின் மூக்கிலிருந்து வந்தது. மூச்சை இழுத்தால் ஒரு சுருதி, விட்டால் வேறு சுருதி.

வீட்டில் ஒரே சிரிப்பு. அம்மா, "என் தங்கச்சி இல்ல, பிரஷர் குக்கர். இன்னும் ரெண்டு விசில் வந்ததும் இறக்கிடுங்க," என்றாள். சித்தியும் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிக்கும்போதும் விசில் வந்தது.

அப்புறம் துண்டில் ரத்தத் துளிகள் தெரிந்தன. காலையில் மூக்கைச் சிந்தினால் பொருக்குப் பொருக்காக வந்தது. "சூடு" என்பாள் சித்தி. அம்மாவின் சிரிப்பு மெல்லக் குறைந்தது.

"டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்துடலாம்டி."

"ஒண்ணுமில்லக்கா. வலிக்கவே இல்ல."

"வலிக்கலன்னா காட்டக் கூடாதா?"

"என் மூக்குல நீ ஏன் மூக்கை நுழைக்கறே?"

ஜோக்கடித்துத் தப்பித்துக்கொள்வது அவள் வழக்கம். ஆனால் ஒருநாள் அம்மா விடவில்லை. அப்போதுதான் சித்தி சொன்னாள். அவளுக்கு முன்னால் அந்தத் தொட்டியில் ஒரு பெரியக்கா நின்றாராம். அவருக்கும் இருமல், மூக்கில் ரத்தம். ஆஸ்பத்திரிக்குப் போனார். நுரையீரலில் கட்டி என்றார்கள். அடுத்த மழைக்காலம் வரை அவர் இருக்கவில்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போற வரைக்கும் அவங்க நல்லாத்தான்கா இருந்தாங்க. போனதும் சொல்லிட்டாங்க. சொன்னதும் போயிட்டாங்க."

"சொன்னதாலயா போனாங்க? பைத்தியமா உனக்கு?"

"எனக்குத் தெரியும்க்கா. ஆனா சொல்லாத வரைக்கும் அது இல்லாத மாதிரிதானே?"

அம்மா விருட்டென்று எழுந்தாள். அடுக்களைக்குப் போய்ப் பாத்திரங்களை உருட்டினாள். அன்றிலிருந்து சித்தி தூங்கும்போது நான் அந்த விசிலைக் கேட்டுக்கொண்டே படுத்திருப்பேன். யாரோ அறைக்கு வெளியே நின்று அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பதுபோல் இருக்கும். காதைப் பொத்தினாலும் கேட்கும்.

பிறகு ஒருநாள் விசில் நின்றுவிட்டது.

முதலில் கவனித்தது நான்தான். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள், அறை நிசப்தமாக இருந்தது. பதறிப்போய் அவள் நெஞ்சைப் பார்த்தேன். ஏறி இறங்கியது. மூச்சு சத்தமில்லாமல் போய்வந்தது. ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா வந்து, குனிந்து காதை வைத்துக் கேட்டாள். அவள் கண் கலங்கிவிட்டது. சித்தி விழித்ததும் அம்மா அவளைக் கட்டிக்கொண்டு, "சரியாயிடுச்சுடி! தானா சரியாயிடுச்சு!" என்றாள்.

"நான்தான் சொன்னேனே, சூடுன்னு," என்றாள் சித்தி. வயிற்றிலிருந்த கல் இறங்கியதுபோல் எல்லாருக்கும் இருந்தது. அதை இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு கூசுகிறது.

அந்தச் சந்தோஷத்தில்தான் சித்தியின் பழைய கேள்வி எனக்கு ஞாபகம் வந்தது. எங்கள் மாடி அறையில் ஓர் அண்ணன் குடியிருந்தார். அதே தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை. தொட்டிகளில் எது எவ்வளவு இருக்கிறது என்று சோதித்துச் சொல்பவர். ஒரு விடுமுறை நாளில் அவர் படி இறங்கி வந்தபோது பிடித்து உட்காரவைத்தேன். சித்தி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, வழவழன்னு இருக்கற பிளாஸ்டிக் மேல நிக்கல் எப்படி ஒட்டுது? சித்தி கேட்டாங்க, நான் பசைன்னு சொல்லி மானம் போச்சு."

அவர் சிரித்தார். "நல்ல கேள்வி. நம்ம பிளாஸ்டிக் ஒரே பொருள் இல்ல. கெட்டியான பிளாஸ்டிக்குக்குள்ள ரப்பர் குட்டிக் குட்டி உருண்டையா புதைஞ்சு கிடக்கு. கண்ணுக்குத் தெரியாது. அக்கா நிக்கற சிவப்புத் தொட்டியில இருக்கறது குரோமிக் அமிலமும் கந்தக அமிலமும். அது கெட்டியானதை அதிகம் தொடாது. ரப்பரைத் தின்னுடும். ரப்பர் இருந்த இடமெல்லாம் குழி. வாய் சின்னது, உள்ள அகலம். பானை மாதிரி."

"அந்தப் பானைக்குள்ள நிக்கல் போய் மாட்டிக்குது. அவ்வளவுதானே?" என்றேன்.

"அது பாதிதான். அமிலம் தின்ன இடத்துல பிளாஸ்டிக்கோட சங்கிலிகள் அறுந்து நிக்கும். அறுந்த முனையில ஆக்சிஜன் வந்து உக்காந்துக்கும். முன்னாடி தண்ணியக்கூட ஒட்டவிடாத பிளாஸ்டிக், அதுக்கப்புறம் தண்ணிய ஏத்துக்கும். உலோகமும் அந்த ஆக்சிஜனோட கை கோத்துக்கும். அடுத்த தொட்டியில பல்லேடியம்னு ஒரு உலோகம், கண்ணுக்குத் தெரியாத துகளா அங்க போய் உக்காரும். விதை தூவற மாதிரி. அந்த விதை மேலதான் நிக்கல் வளரும். கரண்டு கூட வேண்டாம். விதை விழாத இடத்துல நிக்கல் வரவே வராது. குழிக்குள்ள வேர், மேல கை. ரெண்டும் சேந்தாத்தான் உடும்புப் பிடி."

எனக்கு அது பிடித்திருந்தது. ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டுமென்றால் முதலில் அதைக் காயப்படுத்த வேண்டியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

சித்தி துணி மடிப்பதை நிறுத்தியிருந்தாள்.

"தம்பி, அந்த அமிலம் ரப்பரை மட்டும் எப்படிப் பாத்துப் பாத்துத் தின்னுது?"

"கண்ணா இருக்கு அதுக்கு? எது லேசா அறுபடுமோ அத மொதல்ல தின்னும்."

"மூக்குக்கு நடுவுல இருக்கே, அது எலும்பா?"

"இல்லக்கா. குருத்தெலும்பு. அது மேல மெல்லிசா ஒரு தோல்..."

அவர் பாதியில் நிறுத்தினார். சித்தியின் விரல் அவளறியாமல் மூக்குக்குப் போயிருந்தது. மாடிக் குழாயில் தண்ணீர் சொட்டுவது கேட்டது.

"ஆனா அக்கா, உங்களுக்கு ஆவி வராதே. எக்ஸாஸ்ட் இழுத்துடுமே. இழுக்குது இல்ல?"

சித்தி மடித்த துணியை மறுபடி பிரித்தாள். மறுபடி மடித்தாள். பிறகு ஆப்பைப் பற்றிச் சொன்னாள்.

அவர் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். "எவ்வளவு நாளா?"

"வருஷக்கணக்கா."

"அய்யோ அக்கா! உங்க சரக்கு உரியறதே இல்லன்னு நான்தான் போர்டுல எழுதி மாட்டினேன். ஏன் உரியலன்னு ஒரு வார்த்தை கேக்கத் தோணலையே எனக்கு." பிறகு மெதுவாகக் கேட்டார்: "மூக்குல ஏதாவது...?"

"விசில் வந்துச்சு. இப்ப நின்னுடுச்சு," என்று நான் அவசரமாகச் சொன்னேன்.

"நாளைக்கே காட்டுங்க" என்று மட்டும் சொல்லி அவர் எழுந்துகொண்டார்.

மறுநாள் சித்தி என்னோடு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். ஏன் சம்மதித்தாள் என்று கேட்டதற்கு, "இப்பத்தான் தெரிஞ்சு போச்சே, இனிமே தெரியாத மாதிரி எப்படி நடிக்கறது?" என்றாள். ஆஸ்பத்திரி நடைவழியில் நீளமான பெஞ்சு. பச்சைச் சுவர். எதிரே ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது. சித்தியின் கை என் கையைப் பற்றியிருந்தது. ஈரமாக, ஐஸ் மாதிரி. "அந்தப் பெரியக்கா இந்த பெஞ்சுலதான் உக்காந்திருப்பாங்க," என்றாள். எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

மூக்கு டாக்டரம்மா நெற்றியில் விளக்கு மாட்டியிருந்தார். சித்தியின் வேலையைக் கேட்டார். மூக்கைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"வலிச்சுதா?"

"இல்லீங்க."

"வலிக்காது. இதுல மோசமே அதுதான். விசில் மாதிரி சத்தம் வந்துச்சா?"

"வந்துச்சு. ஆனா நின்னுடுச்சு," என்றாள் சித்தி. பள்ளிக்கூடத்தில் சரியான விடை சொல்லும் பிள்ளை மாதிரி.

டாக்டரம்மா நிமிர்ந்தார். "நின்னு எவ்வளவு நாளாச்சு?"

"ஏங்க? நின்னா நல்லதுதானே?"

அவர் ஒரு சின்ன விளக்கை எடுத்துச் சித்தியின் இடது மூக்குத் துவாரத்தில் காட்டினார். வலது துவாரம் சிவப்பாக ஒளிர்ந்தது. மூடிய ஜன்னலுக்குப் பின்னால் யாரோ விளக்கேற்றியதுபோல்.

"நடுச்சுவர்ல ஓட்டை விழுந்திருக்கும்மா. ஓட்டை சின்னதா இருக்கறப்ப காத்து அது வழியா போனா விசிலடிக்கும். பெருசானா சத்தம் வராது."

நாங்கள் கட்டிப்பிடித்துச் சந்தோஷப்பட்டோமே, அன்று அந்த ஓட்டை பெரிதாகியிருந்தது. அவ்வளவுதான் நடந்திருந்தது.

ஓட்டையின் விளிம்பிலிருந்து ஒரு துணுக்கு சதையை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். நெஞ்சையும் படமெடுத்தார்கள். முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டும். "புற்று இருக்கான்னு பாக்கத்தானே?" என்று சித்தி நேராகவே கேட்டாள். "இல்லன்னு தெரிஞ்சுக்கத்தான்," என்றார் டாக்டரம்மா. அந்தப் பதிலின் சாமர்த்தியம் எங்கள் இருவருக்கும் புரிந்தது.

அம்மா அவளை வேலைக்குப் போகவே கூடாது என்றாள். சித்தி வீட்டில் இருந்தாள், ஆனால் ஓரிடத்தில் உட்காரவில்லை. ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்தாள். அவளுக்கும் கட்டி இருக்குமோ என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் வேறு எதையோ நினைத்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப யாருடீ தொட்டியில நிக்கறா?" என்று திடீரென்று கேட்டாள்.

"புதுசு."

"எக்ஸாஸ்ட்ல ஆப்பு?"

சித்தி என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அங்கே நடந்ததை அன்று மாலை மாடி அண்ணனும் சித்தியும் மாறி மாறிச் சொன்னார்கள்.

புதுசு தொட்டியருகே நின்றிருக்கிறாள். சித்தியைக் கண்டதும், "வாங்க டேப் அக்கா! நீங்க இல்லாமலே இன்னிக்கு ஒரு சரக்கும் உரியல, தெரியுமா?" என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். பிறகு முகக்கவசத்தை விலக்கி மூக்கைத் துடைத்திருக்கிறாள். துடைத்த துணியில் பொருக்கும் ரத்தமும்.

சித்தி ஒரே தட்டில் ஆப்பைத் தட்டிவிட்டாள். குழாய் 'ஹோ' என்று இழுக்க ஆரம்பித்தது. கூடத்திலிருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தச் சத்தத்தை அவர்கள் கேட்டு வெகு காலமாகியிருந்தது.

அன்று அடுத்து வந்த சரக்கெல்லாம் உரிந்தது. டேப்பை இழுக்க இழுக்க வெள்ளிக் காகிதம் மாதிரி கட்டம் கட்டமாக ஒட்டிக்கொண்டு வந்ததாம். பளபளா ஓடி வந்தார்.

"என்னம்மா பண்ணி வெச்சிருக்கே? லீவுல இருக்கறவ லீவுல இருக்க வேண்டியதுதானே?"

"ஆப்பை எடுத்துட்டேன் சார்."

"எடுத்தா உரியும்னு உனக்குத் தெரியாதா? அத வெச்சதே நீதானே?"

"நான்தான் வெச்சேன். நீங்க பாத்தீங்க. நான் வெச்சதும் நீங்க பாக்காத மாதிரி போனதும் சேந்து என் மூக்கைத் தின்னுடுச்சு. இப்ப இவளோடத தின்னுக்கிட்டு இருக்கு. சந்தேகம்னா டார்ச்சு கொண்டாங்க, காட்டறேன். இந்தப் பக்கம் அடிச்சா அந்தப் பக்கம் தெரியும்."

யாரோ சிரித்தார்கள். வேறு யாரும் சிரிக்காததால் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. பளபளாவின் கை மெல்ல அவருடைய மூக்குக்கே போனதாம். அவரும் அந்தக் கூடத்தில்தானே காலம் முழுக்க நடந்திருக்கிறார்.

மாடி அண்ணன்தான் அப்போது குறுக்கே வந்தார். சட்டம் தொட்டிக்கு மேலே எழும்பும்போதே அதன்மேல் தண்ணீரை மெல்லிய தூறலாகத் தெளித்தால், காற்று எவ்வளவு இழுத்தாலும் அமிலம் காயாது என்றார். வழிந்து விழும் தண்ணீர், சூட்டில் ஆவியாகிப் போகும் தண்ணீருக்கு ஈடாகத் தொட்டிக்கே திரும்பும். "இத முன்னாடியே யோசிச்சிருந்தா..." என்று ஆரம்பித்தார். "அதெல்லாம் அப்புறம். மொதல்ல இவள ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்," என்று சித்தி புதுசின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

வழி நெடுகப் புதுசு, "எனக்கு விசிலெல்லாம் வரலக்கா. வரலதானே? காது வெச்சுக் கேளுங்க," என்று கெஞ்சியிருக்கிறாள். சித்தி காதை வைத்துக் கேட்டாள். சத்தமில்லை. முன்பென்றால் அது போதுமாயிருந்திருக்கும். இப்போது அவளுக்குச் சத்தமில்லாததுதான் பயம். ஓட்டை இல்லாமலும் சத்தம் வராது, பெரிய ஓட்டை இருந்தாலும் சத்தம் வராது. இரண்டில் எது என்று காதுக்குத் தெரியாது.

சித்தி தகவல் சொல்லியனுப்பியதும் நானும் அம்மாவும் நேரே ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்துகொண்டோம். அன்றைக்கே சித்தியின் சோதனை முடிவும் வந்திருந்தது. டாக்டரம்மா அதைச் சொல்ல வாயெடுத்தார்.

"மொதல்ல இவளைப் பாருங்க," என்றாள் சித்தி.

"உங்களோடது கையில இருக்கும்மா."

"இருக்கட்டும். அது எங்கயும் ஓடாது. இவளைப் பாருங்க."

அம்மா ஏதோ சொல்ல வந்து, சேலை முனையை வாயில் வைத்துக்கொண்டாள். டாக்டரம்மா சின்ன விளக்கை எடுத்தார். புதுசின் இடது துவாரத்தில் காட்டினார். நாங்கள் எல்லாரும் அவளுடைய வலது துவாரத்தையே பார்த்தோம். என் வாழ்க்கையில் நான் எதையும் அப்படி உற்றுப் பார்த்ததில்லை. சித்தி மூச்சே விடவில்லை.

வலது பக்கம் இருட்டாகவே இருந்தது.

"புண்ணுதான். ஓட்டை இல்ல. அந்த ஆவி படாம இருந்தா ஆறிடும்," என்றார் டாக்டரம்மா. புதுசு அழ ஆரம்பித்தாள். சித்தி அவள் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டுத் தானும் அழுதாள். "இனிமே ஆப்பைத் தொட்டே, கையை முறிச்சிடுவேன். நான் சொல்லிக்கொடுத்ததுல அது ஒண்ண மட்டும் மறந்துடு."

அதற்குப் பிறகுதான் அவளுடைய முடிவைக் கேட்டாள். எடுத்த சதையில் புற்று இல்லை. நெஞ்சுப் படமும் சுத்தம். "இப்போதைக்கு" என்று டாக்டரம்மா சேர்த்துச் சொன்னார். ஓட்டை இனி தானாக மூடாது. வருஷா வருஷம் வந்து காட்ட வேண்டும்.

அந்த 'இப்போதைக்கு' எங்கள் வீட்டில் தங்கிவிட்டது. சித்தி இருமினால் அம்மாவின் கை வேலையை நிறுத்திவிடும். நான் இன்னும் அவள் தூங்கும்போது காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருக்கிறேன். எதைக் கேட்க என்று எனக்கே தெரியாது.

சித்தி இப்போது தொட்டிப் பக்கம் போவதில்லை. சோதனை மேசையில் உட்கார்ந்து டேப் இழுக்கிறாள். தண்ணீர்த் தூறல் வந்துவிட்டது, சரக்கும் முன்போல் உரிவதில்லை. மாடி அண்ணனின் ஆய்வுக்கூடத்தில் வேறொரு முயற்சியும் நடக்கிறது. குரோமிக் அமிலமே இல்லாமல் ஒரு திரவம். அதிலுள்ள ஒவ்வொரு மூலக்கூறும் ஒரு கையால் பிளாஸ்டிக்கைப் பிடித்து, மறு கையால் உலோகத்தைப் பிடிக்குமாம். எதையும் தின்னாமல் ஒட்டவைக்க முடியுமா என்று பார்க்கிறார்கள். இதுவரை வந்த துண்டுகளைச் சித்திதான் இழுத்துப் பார்க்கிறாள். பாதி உரிகின்றன. "உரியட்டும். பரவால்ல. இன்னொண்ணு கொண்டாங்க," என்கிறாளாம். டேப் அக்கா அப்படிச் சொல்லி அங்கே யாரும் கேட்டதில்லை.

நான் என்ன படிக்கப் போகிறேன் என்று எல்லாரும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அதற்கு முன் இதை எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

கண்ணாடி மாதிரி மின்னும் பிளாஸ்டிக் திருகு உங்கள் வீட்டிலும் இருக்கும். அதற்குப் பின்னால் எங்கோ ஒரு சிவப்புத் தொட்டியருகே ஒருவர் நின்றிருக்கலாம். அப்படிப்பட்ட இடத்தில் வேலை செய்பவரை உங்களுக்குத் தெரிந்தால், இதை அவரிடம் படித்துக் காட்டுங்கள். படிக்க நேரமில்லை என்றால் இரண்டே விஷயம் வாயால் சொன்னாலும் போதும். எக்ஸாஸ்ட் குழாயில் யாராவது எதையாவது செருகியிருந்தால் பிடுங்கிப் போடச் சொல்லுங்கள். மூக்கில் விசில் கேட்டால், அது தானாக நின்றுவிட்டாலும், சந்தோஷப்படாமல் அன்றைக்கே டாக்டரிடம் ஓடச் சொல்லுங்கள்.